தோண்டக் கூடாத மண்

நண்டு வளர்க்கப் பொறுமை வேண்டும், ஐயா. நாய்க்கு ஒரு பிடி சோறு போட்டால் வாலை ஆட்டும். பூனை வந்து காலை உரசும். நண்டு அப்படியெல்லாம் எதுவும் செய்யாது. நேற்று வைத்த தேங்காய்த் துண்டில் ஒரு மூலை குறைந்திருந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நீங்கள் கேட்டது சுரேஸைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். நண்டை விட்டுவிட்டுச் சுரேஸை மட்டும் சொன்னால் என்னைப் பைத்தியம் என்று எழுதிவிடுவீர்கள். எனக்குப் பைத்தியம் இல்லை.

என் பெயர் சுபாஜினி, வயது நாற்பத்தேழு. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்தொன்பது வருடம் ஆகிறது. என் பொறுப்பில் இருந்த ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். என் கணவர் பொன்னையா இறந்து ஒன்பது வருடமாகிறது. சுரேஸ் அவருடைய தம்பி. தேயிலை ஆலையில் இரவு வேலை பார்த்தார். அவர் மனைவி தயானி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரே மகன் இருந்தான், ஜீவன்.

ஜீவன் பொத்துவில் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலை செய்தான். மொனராகலையில் சுரேஸுக்குத் தம்பையா என்று ஒரு சிநேகிதர் உண்டு. அவர் மூலமாகச் சுரேஸ்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் லீவுக்கு வந்தபோது ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் மூன்று நண்டுகளைக் கொண்டுவந்தான். சங்குக்குள் குடியிருக்கும் கரை நண்டுகள். புத்தகத்தில் இவற்றைத் துறவி நண்டு என்று போட்டிருக்கிறது. யார் பேர் வைத்தார்களோ தெரியாது. ஒரு சங்குக்காக இரண்டு நண்டுகள் அடித்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள்.

"இந்த லயத்து வீட்ட விட்டுப் போக முடியலன்னு பொலம்புவியே, இதுங்களப் பாரும்மா. வீட்டையே தூக்கிக்கிட்டுப் போவுது" என்றான்.

மூன்றில் இரண்டை நான்தான் கொன்றேன். தெரியாமல் கொன்றேன். ஒன்றுக்கு மருந்து கலந்த குழாய்த் தண்ணீரை வைத்துவிட்டேன். இன்னொன்று குளிரில் போனது. எங்கள் மலையின் குளிர் கடற்கரை நண்டுக்கு ஆகாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பதுளை டவுனுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஷுக்ரி என்பவர் மீன் தொட்டி விற்கிறார். அவரிடம் கேட்டேன்.

"தங்கச்சி, இதுக்கு ரெண்டு தண்ணி வைக்கோணும். ஒன்டு நல்ல தண்ணி, ஒன்டு உப்புத் தண்ணி" என்றார். கடை நிறையச் சிவப்பும் நீலமுமாகச் சாயம் பூசிய சங்குகள் இருந்தன. கையில் எடுத்துப் பார்த்தேன். "அத வெச்சிட்டு வாங்க. அந்தச் சாயத்தச் சுரண்டித் தின்டா மௌத்தாப் போயிரும். விக்கிறதுக்குத்தான் வெச்சிருக்கன், ஒங்களுக்குத் தர மாட்டன்."

அவர் சொன்னபடி எல்லாம் செய்தேன். மணலோடு தென்னந்தும்பைக் கலந்து, நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்துக்கு நிரப்பினேன். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் பதம். தொட்டிக்குள் காற்று எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நண்டு நிலத்தில் வாழ்ந்தாலும் மீனைப் போலச் செவுளால்தான் மூச்சு விடுகிறது. காற்று காய்ந்தால் மெல்ல மெல்ல மூச்சு முட்டிச் சாகும். வெளியே ஒன்றும் தெரியாது. தொட்டியை அடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி மூடி போட்டேன். முட்டை ஓட்டை இடித்துத் தூவினேன். கருவாட்டை உப்புப் போகக் கழுவி, நகமளவு கிள்ளி வைத்தேன். மாற்றிக்கொள்ளச் சாயம் பூசாத நாலைந்து சங்குகள் கிடக்கும். ஒரு புதுச் சங்குக்குள் போவதற்கு முன்னால் அது கொடுக்கை உள்ளே விட்டு விட்டு அளந்து பார்க்கும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

ஜீவன் அதற்குக் கங்காணி என்று பேர் வைத்தான். கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி மாதிரி, ஒரு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, தொட்டியில் கிடக்கும் ஒவ்வொரு இலையாக நின்று பார்த்துப் போவதால் அந்தப் பேர்.

ஒருநாள் கங்காணியைக் காணவில்லை. மணலுக்குள் போய்விட்டது. ஒரு வாரம் பார்த்தேன், பத்து நாள் பார்த்தேன். செத்துவிட்டதென்று கரண்டியை எடுத்துக்கொண்டே ஜீவனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, தோண்டாத. சட்ட உரிக்குது. தோண்டுனா செத்துரும்."

"எத்தன நாளுடா?"

"அதுக்கா எப்பத் தோணுதோ அப்ப வரும். நீ கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரு."

இதைத்தான் யாரும் விளங்கிக்கொள்வதில்லை. நண்டு வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு உடம்பு அவித்த முட்டை போல இருக்கும். வெளுத்து, கால்கள் தொங்கி, அசையாமல் கிடக்கும். உரித்த தோலையே தின்று, அந்தச் சுண்ணாம்பில்தான் புதுத் தோல் இறுகும். அந்த நேரத்தில் அதற்கு இருட்டும் ஈரமும் தனிமையும் போதும். கங்காணி முப்பத்து நாலாம் நாள் தானாகவே மேலே வந்தது. முன்னைவிடச் சிவப்பாக இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

போன வருடம் ஆவணியில், ஓய்வு நாளில் குளிக்கப் போன ஜீவனைக் கடல் இழுத்துக்கொண்டது. மறுநாள்தான் கிடைத்தான். இருபத்திரண்டு வயது. சுரேஸ்தான் போய்க் கொண்டுவந்தார், சுரேஸ்தான் தோள் கொடுத்தார். தேயிலை மலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அதற்குப் பிறகு என் வீட்டில் ஜீவன் கை பட்ட உயிர் என்று ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. காலையில் எழுந்ததும் மூடியைத் திறந்து, "எந்திரிச்சிட்டியா?" என்று கேட்பேன். அது கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வருடத்தை நான் அப்படித்தான் கடந்தேன்.

இந்த வருடம் ஆவணியில் ஜீவனின் வருசத் திதி. உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியுமோ என்னவோ. படையல் போடும் வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். செத்தது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஒரு செத்த பல்லிகூடக் கிடக்கக் கூடாது. இருந்தால் வந்த ஆத்மா வாசலோடு திரும்பிவிடும் என்பார்கள். பிள்ளைக்காம்பராவில் எனக்கு நண்பகல் வரை வேலை இருந்ததால், இரவு வேலை முடிந்து வந்த சுரேஸ் தூங்காமல் கொள்ளாமல் என் வீட்டைக் கழுவிக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. அவராகவே வந்தார்.

கங்காணி அப்போது இரண்டாவது முறையாக மண்ணுக்குள் போய் இருபத்து மூன்று நாள். சுரேஸ் தொட்டியைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் அசையவில்லை. அகப்பைக் காம்பால் கிளறியிருக்கிறார். வெளுத்துப்போய், கால்கள் தொங்க, பாதி உடம்பு சங்குக்கு வெளியே கிடந்த கங்காணியைக் கண்டு செத்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார். அது உயிரோடு இருக்கக்கூடும் என்று நான் அவருக்குச் சொல்லி வைத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

நான் வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"மதினி, மனசத் தேத்திக்கங்க. கங்காணி போயிருச்சு. இன்னைக்கின்னு பாத்து வீட்டுக்குள்ள கெடக்கக் கூடாதுன்னு ஜீவன் தலமாட்டுலயே பொதச்சிட்டு வந்துட்டேன். சும்மா தூக்கிப் போடல. மனுசனுக்குச் செய்யிற மாரியே எல்லாம் செஞ்சேன்."

"உப்புப் போட்டீங்களா?"

"ரெண்டு கை போட்டேன் மதினி. மஞ்சளும் போட்டு, சூடமும் கொளுத்திட்டேன்."

நாங்கள் ஆளைப் புதைக்கும்போது குழிக்குள் உப்புப் போடுவோம். அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. "சரி, கை கால் கழுவிட்டு வாங்க, எலை போடணும்" என்றேன். படையல் போட்டேன். அவருக்கும் பரிமாறினேன். வடை இன்னொன்று வைத்தேன்.

சாயங்காலம் தனியாக மேலே போய், கையாலேயே தோண்டினேன். உப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, சங்கும் இருந்தது. கங்காணி இல்லை. சங்கை விட்டுவிட்டு, தோல் இறுகாத அந்த வெற்று உடம்போடு, உப்பிலிருந்து தள்ளிப் போயிருந்தது. ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணையும் மண்ணைத் தள்ளித் தள்ளித்தான் போயிருக்க வேண்டும். அங்கேதான் செத்துக் கிடந்தது.

உயிரோடு புதைத்துவிட்டு, என் வீட்டில் உட்கார்ந்து வடை தின்றார், ஐயா.

அன்றிலிருந்து எனக்கு அவரைக் கண்டால் வயிறு எரிந்தது. இதை மறைக்க மாட்டேன். அவர் சோறு பிசையும் விரல்களைப் பார்ப்பேன், இந்த விரல்களால்தானே என்று இருக்கும். மூன்று மாதம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவேன். அது உயிரோடு இருந்தது என்று அவரிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பார். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பார். அவர் மனம் அப்படிப்பட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் பிறகு நான் அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இனி மழைக்கு வருகிறேன். பிள்ளைக்காம்பரா முற்றத்தில் ஒரு மழைமானி நட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு. நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் மலை சரியலாம் என்று லயத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது, எல்லாரும் கீழே பாடசாலைக்குப் போய்விட வேண்டும். கார்த்திகையில் அந்த வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. பிள்ளைகளை முதலில் அனுப்பினேன். பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்கடியில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். பதினொரு கதவைத் தட்டினேன்.

பன்னிரண்டாவது, மலைப் பக்கம் ஒட்டியிருக்கும் கடைசிக் காம்பரா. சுரேஸ் காலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குவார். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. அவர் செருப்பு வாசலில் கிடந்தது. நனைந்துகொண்டிருந்தது. அதை எடுத்து உள்பக்கமாகக் கூரைக்கடியில், யார் கண்ணிலும் படாதபடி வைத்துவிட்டு வந்தேன்.

பாதி வழியில் பெரியாயி நின்று கேட்டாள். அவள் சுரேஸுக்குப் பக்கத்துக் காம்பரா. "சுரேஸ எழுப்பியாச்சா?"

"அவரு வெள்ளனவே மொனராகலைக்குப் போயிட்டாரு, தம்பையா அண்ணன் வீட்டுக்கு. நீ நட."

மலை இறங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அது கடவுள் காரியம். முந்தின வருடமும் நூற்றெண்பது வரை போனது, ஒரு கல்கூட உருளவில்லை. நான் செய்ததெல்லாம் ஒரு ஆளைத் தூங்க விட்டதுதான்.

இரண்டு மணிக்கு மலை இறங்கியது. லயத்தின் பின்பக்கத்தை, ஏழாம் காம்பராவிலிருந்து கடைசி வரை மூடிவிட்டது. மழை கொஞ்சம் விட்டதும் ராணுவத்துப் பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்தார்கள். பெயர்ப் பட்டியல் என் கையில் இருந்ததால் கிராம சேவகர் என்னையும் மேலே கூட்டிக்கொண்டு போனார். நாற்பத்தொரு பேர் பாடசாலையில் இருந்தார்கள். பட்டியலில் நாற்பத்திரண்டு.

"அந்த ஒருத்தர்?" என்றார் கிராம சேவகர்.

"ஊர்ல இல்ல சேர்." சுரேஸின் பெயருக்கு நேரே மொனராகலை என்று எழுதினேன். பேனா நனைந்து எழுதவில்லை, இரண்டு முறை அழுத்தி எழுதினேன்.

அப்போதுதான் போன் வந்தது. உங்கள் கையில் உள்ள போன் கம்பெனித் தாளில் மூன்று பத்து என்று இருக்கும். நான்கு நிமிடம் பேசினேன். என்ன பேசினோம் என்பது அந்தத் தாளில் இருக்காது, அதனால்தான் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்தச் சனத்துக்கு மத்தியிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, வேலியோரம் நின்று பேசினேன்.

"மதினி, உசுரோட இருக்கேன். கூரத் தகரம் மேல சாஞ்சி கெடக்கு. காலு ரெண்டும் மாட்டிக்கிச்சு. எங்கன இருக்கீங்க?"

"இங்கதான். ஆளுங்க வந்திருக்காங்க."

"ஒங்க சத்தம் போன்லயும் கேக்குது, வெளியிலயும் கேக்குது மதினி. கிட்டத்துலதான் நிக்கிறீங்க. நான் கத்தட்டுமா?"

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

"கத்தாதீங்க. உள்ள இருக்கிற காத்து கொறஞ்சிரும். அசையவும் வேணாம், கையால தோண்டவும் வேணாம். போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"ஒம்பது."

"அணைச்சி வச்சிருங்க. வேற யாருக்கும் எடுத்து அத முடிச்சிராதீங்க. தேவப்பட்டா நாளைக்கி எடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"சரி மதினி. நீங்க இருக்கீங்கல்ல, எனக்குப் பயமில்ல" என்றார்.

திரும்பி வந்தேன். ராணுவ அதிகாரி கிராம சேவகரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். கிராம சேவகர் என்னைப் பார்த்தார். "நிச்சயமா உள்ள யாரும் இல்லையே? கீழ்க்கணக்குல ஒரு வீடு போயிருக்கு, ரெண்டு பிள்ளைகளக் காணலயாம்."

"யாரும் இல்ல சேர், நீங்க அங்க போங்க" என்றேன்.

எல்லாரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்க்கணக்குக்கு இறங்கினார்கள். போவதற்கு முன்னால் ஒரு நிமிடம் எல்லாரும் சத்தம் போடாமல் நின்று காது கொடுத்துக் கேட்டார்கள். அது அவர்கள் வழக்கமாம். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இருவரையும் அன்று உயிரோடு எடுத்துவிட்டார்கள். அவர்கள் எங்கள் லயத்தில் நேரத்தைக் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு இன்னொரு அழைப்பு இருக்கும். அதை நான் எடுக்கவில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன், கை வேலையாக இருந்தது. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. ஐந்தாம் நாள் தயானி குவைத்திலிருந்து தம்பையாவுக்குப் போன் பண்ணி, சுரேஸ் அங்கே வரவேயில்லை என்று தெரிந்துகொண்டு, எல்லாருக்கும் போன் போட்டு அழுதாளாம். அதன் பிறகுதான் தோண்டினார்கள். மண் இரண்டடிகூட இல்லை என்று பெரியாயி சொன்னாள். வாயில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்தாராம். வலியில் தன்னை மீறிக் கத்திவிடக் கூடாது என்று அடைத்துக்கொண்டிருப்பார். பெரியாயிக்கு அது விளங்கவில்லை, எனக்கு விளங்கியது.

யாராவது சொல்லிக்கொடுத்து நான் செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. கோபத்தில் செய்தேனா என்றும் கேட்டீர்கள். கோபம் இருந்தது, ஆனால் அது வேறு. நான் அவரைப் புதைக்கவில்லை, மலைதான் புதைத்தது. உள்ளே தனியாகக் கிடந்த மனிதருக்கு என்னால் ஆன ஆறுதலைச் சொன்னேன். கத்த வேண்டாம் என்று சொன்னதுகூட, ஐயா, அவருடைய நன்மைக்காகத்தான் சொன்னேன்.